பரணிலிருந்து இறங்கிய வால்வு செட்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியைப் பற்றி எழுதியபோது, வால்வு எனப்படும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு, அனுப்பவும் கேட்கவும் உதவும் பழைய டிரான்ஸீவர் ஒன்று என் மேசையில் இன்னும் வேலை செய்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இம்முறை அவர்களுடைய கேள்விகளுக்கு மட்டும் இடம்.

மறைந்த நண்பர் ஒருவரின் குடும்பத்தாரிடமிருந்து யாசு நிறுவனத்தின் எஃப்டி-101இ செட்டை வாங்கியிருக்கிறேன். எனக்கு உரிமம் இருக்கிறது. செட் 14 ஆண்டுகளாகப் பரணில் இருந்தது. "பிளக்கைச் சொருகிப் பாருங்கள், ஓடினால் ஓடட்டும்" என்கிறார் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். அப்படிச் செய்யலாமா?
வாசகர், திருநகர்

தயவுசெய்து செய்யாதீர்கள். என் அனுபவத்தில் பழைய செட்டுகள் வயதாகிச் சாவதைவிட, நீண்ட தூக்கத்திலிருந்து எழுப்பப்படும் முதல் ஐந்து நிமிடங்களில் சாவதே அதிகம். உங்கள் செட் 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அரை நூற்றாண்டைத் தாண்டிய அந்தச் செட்டுக்கு நீங்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வது நியாயமானதுதான்.

பிளக்கைத் தொடுவதற்கு முன் மேல் மூடியையும் கீழ் மூடியையும் கழற்றி, நல்ல பகல் வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பாருங்கள். நம் ஊர்ப் பரணில் இருந்த செட் என்றால் உள்ளே பல்லி முட்டை இருக்கும், சிற்றெறும்பு மண் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும், எலி ஒயரின் உறையைக் கொறித்திருக்கவும் கூடும். சில ஆண்டுகளுக்கு முன் நான் திறந்த ஒரு செட்டில், ரிலேயின் இரு தகடுகளுக்கு நடுவே பல்லி முட்டையின் வெள்ளை ஓடு ஒன்று சரியாகச் செருகிக்கொண்டு நின்றது. செட் செவிடாகிவிட்டது என்று அதன் சொந்தக்காரர் இரண்டு ஆண்டுகளாக ஆன்டெனாவை மாற்றிக்கொண்டிருந்தாராம். தூசியை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் கிளீனரின் குழாயை அருகில் பிடித்து வெளியே இழுத்துவிடுங்கள். காற்றடித்து ஊதினால் தூசி பேண்ட் ஸ்விட்ச்சின் தகடுகளுக்குள்ளும் டயல் கண்டென்சரின் இடுக்குகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்ததாக, டிரான்ஸ்பார்மர் எந்த மின்னழுத்தத்துக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மாடலின் டிரான்ஸ்பார்மரில் 100, 110, 117, 200, 220, 234 வோல்ட் என ஆறு அளவுகளுக்கு இணைப்பு மாற்றிக் கட்ட வழி உண்டு. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த செட் 117 வோல்ட்டிலேயே விடப்பட்டிருந்தால், எலக்ட்ரீஷியன் சொன்னபடி சொருகிய மறுகணமே பியூஸ் போகும். முன்பு யாரோ பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவைத்திருந்தால் டிரான்ஸ்பார்மரே போய்விடும். நம்முடைய 230 வோல்ட்டுக்கு 234 என்ற இணைப்பே பொருத்தமானது. பியூஸையும் கழற்றி, அதன் தலையில் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்சாரம் கொடுக்கும் நாளில் செட்டை நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகாமல், பழைய ரேடியோ மெக்கானிக்குகள் பயன்படுத்திய சீரியஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டுடன் தொடராக இணைப்பதுதான் அது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. எனவே பழைய குண்டு பல்பைத் தேடி வாங்கத்தான் வேண்டும். மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்ட உதவும் டிம்மர்ஸ்டாட் கிடைத்தால் இன்னும் நல்லது. முன்பலகையில் பவர் ஸ்விட்ச்சுக்கு அருகிலேயே, வால்வுகளைச் சூடேற்றும் ஹீட்டருக்கு ஸ்விட்ச் தனியாக இருக்கிறது; அது அணைந்திருக்கட்டும். பவரைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள்; உடனே அணைத்துவிடுங்கள். முதலில் பளிச்சிட்டுப் பிறகு மங்கினால் கண்டென்சர்கள் மின்னேற்றம் பெறுகின்றன என்று பொருள், பயமில்லை. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த எலக்ட்ரோலிடிக் கண்டென்சரின் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் கரைந்து போயிருக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் மெல்ல மெல்ல மின்சாரம் பாயும்போதுதான் அந்தப் படலம் மறுபடி உருவாகும். முழு மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் கசிவு மிகுந்து, சூடேறி, சில சமயம் வெடித்தும் விடும். எனவே அரை மணி நேரம் பல்பில் ஓடவிட்டு அணைத்து, மறுநாள் மீண்டும் அதையே செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்த பிறகும் ஒரு கண்டென்சர் சூடாகிறது, அல்லது அதன் தலை உப்பியிருக்கிறது, அல்லது அடியில் பிசுபிசுப்பு தெரிகிறது என்றால் அது மாற்ற வேண்டியதுதான். புதிது வாங்கும்போது 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாகவும், மின்னழுத்தத் தரம் பழையதற்குக் குறையாததாகவும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தூசி தட்டிக் கொடுக்கும் இருபது வருடச் சரக்கு, உங்கள் செட்டில் இருப்பதைப் போலவே கிழடுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹீட்டர் அணைந்திருந்தாலும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது என்றே கருதிக் கையாளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து, ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டு, மீண்டும் மீட்டரில் பூஜ்யம் வந்ததை உறுதிசெய்த பிறகே கையை விட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கத்தைக் கேலி செய்த ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது அவர் கேலி செய்வதில்லை.

இவ்வளவும் நன்றாக முடிந்தால், ஹீட்டர் அணைந்த நிலையிலேயே நீங்கள் வானொலி கேட்கத் தொடங்கலாம். இந்தச் செட்டில் அனுப்பும் சைகையைப் பெருக்கும் டிரைவர் வால்வு ஒன்று, இறுதி வால்வுகள் இரண்டு தவிர மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர்தான். கேட்பதற்கு வால்வு தேவையில்லை. உள்ளே இருக்கும் பலகைகள் பல, சாக்கெட்டில் சொருகியவை. சத்தம் வந்து வந்து போனால் முதலில் அந்தப் பலகைகளின் ஓரத் தொடுமுனைகளையே சந்தேகப்படுங்கள். எந்தப் பலகை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, நேராக மேலே இழுத்து, தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மீண்டும் சொருகுங்கள். ரிலேயின் தொடுமுனைகளுக்கு உப்புக்காகிதம் வேண்டாம். விசிட்டிங் கார்டு ஒன்றிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, இரு தகடுகளுக்கு இடையே வைத்து மெல்ல அழுத்தி இழுங்கள்; கார்டில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரைக்கும் இழுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. காயில்களின் நடுவே திருப்புளி போகும் அளவுக்கு ஒரு கருப்புத் துண்டு தெரியும். அதைத் திருகாதீர்கள். எது செய்தும் சரிவராத செட்டுகளில் பாதிக்கும் மேல், திருப்புளி வைத்திருந்த கை சும்மா இருக்க முடியாமல் திருகிவைத்தவைதான்.

என் எஃப்டி-101இ செட்டில் அனுப்பும் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. இறுதி வால்வான 6ஜேஎஸ்6சி டவுன்ஹால் ரோடு கடைகளில் கிடைக்கவில்லை. 6146பி வால்வு ஒரு நண்பரிடம் இருக்கிறது, அதைப் போடலாமா?
வாசகர், எல்லீஸ் நகர்

போட முடியாது. 6ஜேஎஸ்6சி பன்னிரண்டு ஊசிகள் கொண்ட அடிப்பாகம் உடையது. 6146பி எட்டு ஊசி. சாக்கெட்டை மாற்றினால்கூட, வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு வேண்டிய மின்னழுத்தமும் ஸ்கிரீனுக்கு வேண்டியதும் வேறு. உங்கள் வால்வு ஒலிபரப்புக்காகப் பிறந்ததே அல்ல. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியில் படத்தின் கிடைக்கோட்டை இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. தொலைக்காட்சிகள் டிரான்சிஸ்டருக்கு மாறியதும் இதன் உற்பத்தியும் நின்றது. 6146பி வால்வைப் பயன்படுத்தும் எஃப்டி-101இசட்டி, கென்வுட் டிஎஸ்-830எஸ் போன்ற செட்டுகளை வைத்திருப்பவர்கள் இவ்விஷயத்தில் சற்றே பாக்கியசாலிகள்.

ஆனால் வால்வு தேடுவதற்கு முன் அது உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பார்த்தீர்களா? டிரைவர் வால்வான 12பிஒய்7ஏ தேய்ந்தாலும் திறன் இப்படித்தான் குறையும். அது கிடைப்பதும் எளிது, விலையும் குறைவு. பேண்ட் ஸ்விட்ச்சின் தொடுமுனை கறுத்திருந்தாலும் இதே அறிகுறிதான். முன்பலகை மீட்டரை இறுதி வால்வுகளின் மின்னோட்டம் காட்டும் நிலையில் வைத்து, பேசாமல் அனுப்பும் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். ஓய்வு மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியர் இருக்க வேண்டும். ஓய்வு மின்னோட்டத்தை அமைக்கும் பயஸ் திருகைச் சரிசெய்தும் அந்த அளவை எட்டவே இல்லை என்றால் வால்வு தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்யலாம்.

எட்டிய பிறகு அது தானாக மேலே ஏறிக்கொண்டே போகிறதா என்பதை நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். டிரைவர் வால்வின் பிளேட் எனப்படும் வெளித்தகட்டிலிருந்து இறுதி வால்வுகளின் கிரிட்டுக்குப் போகும் வழியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிறிய கண்டென்சர் உண்டு. அதன் ஒரு புறத்தில் நேர்மறை உயர் மின்னழுத்தம். மறுபுறத்தில் வால்வை அடக்கிவைத்திருக்கும் எதிர்மறை மின்னழுத்தம். இந்தக் கண்டென்சர் கசியத் தொடங்கினால் கிரிட் தன் கட்டுப்பாட்டை இழக்கும். வால்வு கடிவாளம் இல்லாத குதிரையாகிவிடும். எனக்கே இது நடந்தது. ஆடி மாதத்து இரவு ஒன்றில் இலங்கை நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது, செட்டின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஏதோ வெளிச்சம் சுவரில் விழுவதைப் பார்த்தேன். ஹீட்டரின் மஞ்சள் என்று நினைத்து இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். அது ஹீட்டர் அல்ல, பிளேட் தகடே கொல்லன் உலையில் வைத்த இரும்பு போலச் சிவந்திருந்தது. அன்று போன ஜோடி வால்வுகளின் விலையில் அந்தக் கண்டென்சரை நூற்றுக்கணக்கில் வாங்கியிருக்கலாம். அன்றுமுதல் எந்தப் பழைய வால்வு செட் என் கைக்கு வந்தாலும், நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே இடம் கொடாமல், 1,000 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும் புதிய கண்டென்சரை முதலில் அங்கே வைத்துவிடுகிறேன்.

வால்வை மாற்றத்தான் வேண்டும் என்றால், ஒரே தயாரிப்பாளருடைய இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். மாற்றியபின் நியூட்ரலைசேஷன் செய்யாமல் ஒலிபரப்பக் கூடாது. வால்வின் உள்ளே பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே இருக்கும் சிறு கொள்திறன் வால்வுக்கு வால்வு மாறும். அதை ஈடுகட்டாவிட்டால் வால்வு தானே ஊசலாடத் தொடங்கித் தன்னையே எரித்துக்கொள்ளும். செய்முறை கையேட்டில் படிப்படியாக இருக்கிறது. முதல் முறை, செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வால்வு நீடிக்க ஒரே வழி, டியூன் செய்யும்போது கையை வேகமாக வைத்திருப்பதுதான். முழுத் திறனில் ஒருமுறை பத்து விநாடிக்கு மேல் போகாதீர்கள். பிளேட் குமிழைத் திருப்பி மீட்டர் முள் பள்ளத்தில் இறங்கும் இடத்தைக் கண்டதும் நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு லோடிங் குமிழுக்குப் போகலாம். இதையெல்லாம், ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடில் செய்து, ஒவ்வொரு பட்டைக்கும் குமிழ்கள் நிற்கும் இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் ஆன்டெனாவில் இரண்டு விநாடி திருத்தமே போதும்.

தோட்டத்து வீட்டில் செட் வைத்திருக்கிறேன். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 170 வோல்ட், நள்ளிரவில் 260 வோல்ட். ஸ்டெபிலைசர் போட்டால் போதுமா?
வாசகர், அலங்காநல்லூர்

உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போடுவோம். 6.3 வோல்ட் ஹீட்டர் உள்ள வால்வுக்குப் பத்து விழுக்காடு ஏற்ற இறக்கம்வரை கேடில்லை; அதாவது ஏறக்குறைய 5.7 முதல் 6.9 வரை. டிரான்ஸ்பார்மர் 220 வோல்ட் இணைப்பில் இருந்தால், உங்கள் நள்ளிரவு 260 வோல்ட் ஹீட்டரில் 7.4 ஆகிவிடும். 234 இணைப்புக்கு மாற்றினால் அதுவே 7.0. இன்னும் அதிகம்தான், ஆனால் கம்பி மாற்றும் அரை மணி வேலையில் பாதிக்கு மேற்பட்ட ஆபத்து நீங்கிவிடுகிறது. மாறாக, மாலை 170 வோல்ட்டில் ஹீட்டருக்கு ஐந்து வோல்ட்கூடக் கிடைக்காது. ஹீட்டர் சூடேற்ற வேண்டிய கேத்தோடில் போதிய சூடில்லாதபோது அதிலிருந்து முழுத் திறனை இழுத்தால் அதன் மேற்பூச்சு கெடும். ஆகவே 170 வோல்ட் நேரத்தில் கேளுங்கள், அனுப்பாதீர்கள்.

ஸ்டெபிலைசர் வேண்டும்தான். ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் ரிலே வகை, ஒவ்வொரு படி மாறும்போதும் டக் என்று இருபது வோல்ட்டுக்குக் குறையாமல் குதிக்கும்; நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அதிர்வெண்ணும் கூடவே குதிக்கும். மோட்டாரால் சுழலும் சர்வோ வகை விலை கூடுதல், ஆனால் இந்த வேலைக்கு அதுவே ஏற்றது. கிணற்று மோட்டாருக்குப் போட்ட எர்த்தையே செட்டுக்கும் இழுத்துவிடாமல், வானலைக்கென்று தனிக் குழி போட்டு, அதன் கம்பியை வீட்டின் எர்த்துடனும் பிணைத்துவிடுங்கள். இரண்டு எர்த் தனித்தனியே நின்றால் இடி நேரத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்பது உங்கள் செட்தான்.

இடி மின்னலின்போது செட்டின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். போதுமா?
வாசகர், வாடிப்பட்டி

போதாது. ஆன்டெனா கேபிளைப் பிடுங்குவதுதான் முதல் வேலை; பிளக் இரண்டாவது. பிடுங்கிய கேபிளைச் செட்டுக்குப் பின்னாலேயே தொங்கவிடாமல் ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். சித்திரை வைகாசியின் கோடை மழையும் ஐப்பசி அடைமழையும் நம் பக்கத்தில் இடியோடுதான் வரும். அந்த மாதங்களில், பயன்படுத்தாத நேரமெல்லாம் கேபிள் வெளியே இருப்பதே நியமமாக இருக்கட்டும். தலைக்கு மேல் இடி முழங்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடவே வேண்டாம்.

என் பழைய செட்டில் 7, 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் நன்றாகக் கேட்கின்றன. 28 மெகாஹெர்ட்ஸில் வெறும் இரைச்சல் மட்டுமே. பழுதா?
வாசகர், மேலூர்

செட்டையே கேளுங்கள், அது பதில் சொல்லும். இத்தகைய செட்டுகளில் மார்க்கர் அல்லது கேலிப்ரேட்டர் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டால் 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை, சிலவற்றில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை, டயலில் விசில் சத்தம் கேட்க வேண்டும். 28 மெகாஹெர்ட்ஸில் அந்த விசில் வலுவாகக் கேட்டு, பிரிசெலக்டர் குமிழைத் திருப்பும்போது ஓரிடத்தில் உச்சம் காட்டினால் செட் நலமாக இருக்கிறது. விசிலே இல்லை என்றால் அந்தப் பட்டையின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகமோ பேண்ட் ஸ்விட்ச்சின் தொடுமுனையோ பழுது. 28 மெகாஹெர்ட்ஸ் பட்டை பல செட்டுகளில் 500 கிலோஹெர்ட்ஸ் வீதம் நான்கு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் படிகம் உண்டு. எனவே ஒரு துண்டு மட்டும் ஊமை என்றால் குற்றவாளி எளிதில் அகப்படுவான்.

செட் நலம், பட்டை மட்டும் ஊமை என்றால் காரணம் வானத்தில் இருக்கிறது. அந்தப் பட்டை சூரியப் புள்ளிகளை நம்பிப் பிழைப்பது. இப்போதைய 25ஆம் சூரியச் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி, 2024இல் உச்சம் தொட்டது. அந்தச் சமயத்தில் ஒரு சிறு டைபோல் ஆன்டெனாவும் சில வாட் திறனும் இருந்தவர்கள்கூட அதில் வெளிநாடுகளுடன் பேசினார்கள். இறங்குமுகத்தில் நாட்கள் கூடக்கூட மௌனமும் கூடும். நமக்கு மேற்கே மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாக அந்தப் புள்ளிகளைப் படம் பிடித்துவருகிறது. பூமியின் காந்த நடுக்கோடும் தென்தமிழகத்தை ஒட்டியே செல்கிறது. இதனால் மாலை நேரங்களில் நம் பகுதிக்கு இந்தப் பட்டை சற்றுத் தாராளமாகவே இருக்கும். எதற்கும் ஒருநாள் பிற்பகலில் தொடங்கி இருட்டும்வரை கேட்டுப் பாருங்கள்.

கல்லூரி மாணவன். மாமா கொடுத்த வால்வு செட்டில் கணினியை இணைத்து, குறுஞ்செய்திகளை ஒலிக்குறிகளாக அனுப்பும் எஃப்டி8 முறையில் ஒலிபரப்பலாமா? "பழைய செட்டுக்கு அதெல்லாம் ஆகாது" என்கிறார் மாமா.
வாசகர், திருப்பரங்குன்றம்

உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை. எஃப்டி8 முறை 2017இல் வந்தது. 15 விநாடிச் சுற்றில் ஏறத்தாழ 12.6 விநாடி முழுத் திறன் இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த சுற்றில் கேட்க வேண்டும். மனிதக் குரலோ மூச்சுக்கும் யோசனைக்கும் இடைவெளி விடுகிறது. இந்தச் செட்டுகளின் வால்வுகள் அந்த இடைவெளிகளை நம்பி வடிவமைக்கப்பட்டவை. எனவே திறனை 25 அல்லது 30 வாட்டுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்; பின்புறம் மின்விசிறி ஓடட்டும். எஃப்டி8 முறைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. கணினியிலிருந்து வரும் ஒலி அளவை, மிகைத் திறனைக் கட்டுப்படுத்தும் ஏஎல்சியின் மீட்டர் முள் அசையத் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள். கணினிக்கும் செட்டுக்கும் இடையே சிறிய ஆடியோ டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்துவிட்டால் உறுமல் வராது.

உண்மையான சிக்கல் அதிர்வெண் நகர்வது. பழைய செட்டில் அதிர்வெண்ணை உருவாக்கும் விஎஃப்ஓவின் சுருளும் கண்டென்சரும் சூடேறச் சூடேற மெல்ல நகரும். எஃப்டி8 குறிகை ஒன்று சுமார் 50 ஹெர்ட்ஸ் அகலமே கொண்டது. ஒரு சுற்றுக்குள் சில ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே எதிர்முனைக் கணினி தடுமாறும். ஆகவே செட்டைப் போட்டுவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். மேசை விசிறிக் காற்று டயலின் மேல் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 7.074 மெகாஹெர்ட்ஸில் வைத்துக் கேளுங்கள். மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

செட்டின் டயலில் 11 மீட்டர் என்று ஒரு பட்டை இருக்கிறதே, அதில் பேசலாமா?
வாசகர், திருமங்கலம்

கூடாது. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அது அமெச்சூர் பட்டை அல்ல. இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் வரையிலான கருவிகளுக்கு மட்டும் உரிமம் தேவையில்லை என்று விட்டிருக்கிறார்கள். நூறு வாட் அனுப்பும் உங்கள் செட் அதற்குள் அடங்காது. கேட்பதோடு நிறுத்துங்கள்.

என் அப்பா ஹாம் ஆபரேட்டராக இருந்தவர். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய அறையில் வால்வு டிரான்ஸீவரும் அட்டைப் பெட்டிகளில் வால்வுகளும் நோட்டுப் புத்தகங்களும் அப்படியே இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். என்ன செய்வது?
வாசகி, ஆனையூர்

அம்மா, எடைக்குப் போடாதீர்கள். மறைந்த ஹாம் நண்பரை எங்கள் வட்டத்தில் "சைலண்ட் கீ" என்போம், தந்திச் சாவி ஓய்ந்துவிட்டது என்ற பொருளில். அவர் விட்டுச்செல்லும் பொருள்கள் தகுந்த கைக்குப் போய்ச் சேர உதவுவது எங்களுக்குள் ஒரு கடமையாகவே இருந்துவருகிறது.

முதலில் சட்டம். ஒலிபரப்பும் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே 1933ஆம் ஆண்டின் சட்டக் காலந்தொட்டுத் தடை செய்யப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. அப்பாவின் உரிமம் அவருக்கு மட்டுமே உரியது. அது வாரிசுக்கு வராது. ஆகவே செட்டை மின்சாரத்தில் இணைக்காமல் வைத்துவிட்டு, உரிமம் வழங்கும் மத்திய அரசின் வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன் பிரிவுக்கு, அப்பாவின் அழைப்புக்குறியையும் உரிம எண்ணையும் குறிப்பிட்டு, இறப்புச் சான்றிதழ் நகலுடன் ஒரு கடிதம் எழுதுங்கள். செட்டை, நடப்பிலுள்ள உரிமத்தைக் காட்டுகிற ஒருவருக்கே கொடுங்கள். அவருடைய உரிமத்தின் நகல் ஒன்றைக் கையெழுத்துடன் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் நோட்டில் அடிக்கடி வரும் அழைப்புக்குறிகள் வியு2, வியு3 என்று தொடங்குபவையாக இருந்தால் அவர்கள் நம் நாட்டு நண்பர்கள். விசாரிக்க அங்கிருந்தே தொடங்கலாம்.

நல்ல விலை கிடைக்க வேண்டுமானால் பொருள்களைப் பிரிக்காதீர்கள். மைக், கையேடு, மின்கம்பி எல்லாம் செட்டோடு போக வேண்டும். இத்தகைய செட்டுகளின் மின்கம்பி முனையில் பல ஊசிகள் உண்டு. கடையில் அப்படியே கிடைப்பதில்லை. செட்டின் பின்புறம் ஒரு சாக்கெட்டில், கம்பி எதுவும் வெளியே வராமல் குட்டி பிளக் ஒன்று சொருகியிருந்தால், உபயோகமற்றது என்று எறிந்துவிடாதீர்கள். யாசு எஃப்டி-101 வரிசையில் அந்தப் பிளக்கின் உள்ளே இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பி இணைத்திருக்கும். அது இல்லாவிட்டால் வால்வுகளின் ஹீட்டரே எரியாது. அந்த ஒரு துண்டு இல்லாததால் நல்ல செட்டைப் பழுது என்று பாதி விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. அட்டைப் பெட்டியில் உள்ள வால்வுகளின் கண்ணாடியில் அச்சிட்ட எழுத்துகளை விரலால் துடைக்காதீர்கள், அழிந்துவிடும். எழுத்தில்லாத வால்வை யாரும் நம்பி வாங்கமாட்டார்கள்.

நோட்டுப் புத்தகங்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றில் எங்கேனும், அநேகமாகக் கடைசி அட்டையின் உட்புறத்தில், பிரிசெலக்டர், பிளேட், லோடிங் என்று தலைப்பிட்டு எண்களாக ஒரு கட்டம் வரைந்திருப்பார். அந்தச் செட்டை உங்கள் வீட்டு ஆன்டெனாவுக்கு அப்பா ஒத்திசைத்த கணக்கு அது. அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து, வாங்குகிறவர் கையில் செட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.